200 கேஎல்டி எஸ்டிபி: காலையில் மட்டும் கலங்கல், எஸ்வி30 920. எங்கிருந்து தொடங்குவது?

புதுச்சூழல் எழுதியது:

வணக்கம். பி.இ. சுற்றுச்சூழல் பொறியியல் முடிச்சு நாலு மாசம் ஆச்சு. இப்போ ஒரு ஓ அண்ட் எம் (இயக்கம், பராமரிப்பு) கம்பெனியில் இருக்கேன். சென்னை ஓஎம்ஆர் பக்கம் சுமார் 400 வீடுள்ள குடியிருப்பின் எஸ்டிபியை (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்; 200 கேஎல்டி, அதாவது நாளுக்கு 200 கிலோலிட்டர்) என் பொறுப்பில் விட்டிருக்காங்க.

அமைப்பு: கம்பி வலை, எண்ணெய்ப் பொறி, 60 கன மீட்டர் ஈக்வலைசேஷன் டேங்க் (வரத்தைத் தேக்கிச் சமப்படுத்த), 150 கன மீட்டர் ஏரேஷன் டேங்க் (நுண்ணுயிருக்குக் காற்றூட்ட; நீர் ஆழம் 4 மீட்டர், குமிழி விட மெம்பரேன் டிஃப்யூசர்), 3.6 × 3.6 மீட்டர் ஹாப்பர் கிளாரிஃபையர் (கசடு படிய, அடி சரிவான தொட்டி), ஃபில்டர் ஃபீட் டேங்க், மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், ஹைப்போ (குளோரின் திரவம்) டோசிங். எக்ஸ்டெண்டட் ஏரேஷன் (நீண்ட நேரம் காற்றூட்டும்) டிசைன். வரத்து பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிருக்கு வேண்டிய ஆக்சிஜன்) 250 மி.கி./லி. என்று டிசைன் ஷீட்டில் இருக்கு.

பிரச்சினை இதுதான். காலை 7 முதல் 10 வரை கிளாரிஃபையரில் கசடு பொங்கி வழியுது. மத்தியானம் தெளிஞ்சுடுது, ஆனா கட்டி கட்டியா கசடு மேலே மிதக்குது. எஸ்வி30 (ஒரு லிட்டர் ஏரேஷன் டேங்க் திரவத்தில் 30 நிமிஷத்தில் படியும் கசடு, மி.லி.) 920. ஏரேஷன் டேங்க் மேலே கெட்டியான பழுப்பு நுரை. ஏரேஷன் டேங்க் பிஹெச் 6.4. ஃப்ளஷ் தண்ணியில் அமோனியா வாடைன்னு குடியிருப்போர் புகார். கடைசி லேப் ரிப்போர்ட்டில் பிஓடி 28, சிஓடி (கழிவை ரசாயனத்தால் சிதைக்க வேண்டிய ஆக்சிஜன்) 96. லாக் புக்கில் எட்டு மாசமா எம்எல்எஸ்எஸ் (ஏரேஷன் டேங்க் திரவத்தில் உள்ள கசடு, மி.கி./லி.) 3500னு தினமும் எழுதியிருக்கு.

ஆபரேட்டர் யூரியா, டிஏபி போடணும், சாணி கரைச்சு விடணும்னு சொல்றார். ஒரு வெண்டர் பயோ கல்ச்சருக்கு (நுண்ணுயிர்க் கலவை) கொட்டேஷன் கொடுத்திருக்கார். டேங்கைக் காலி பண்ணி டிஃப்யூசரைப் பார்த்துடலாம்னும் ஒரு யோசனை. எதை முதலில் செய்யணும்?

பம்ப்ரூம் எழுதியது:

எதையும் வாங்காதீங்க, எதையும் கொட்டாதீங்க. உங்க கேள்வியிலேயே பாதி பதில் இருக்கு: "காலையில் மட்டும்". நுண்ணுயிர் கெட்டுப்போச்சுன்னா நாள் பூரா கலங்கும். நேரம் பார்த்துக் கலங்குதுன்னா முதல் சந்தேகம் ஓட்டத்தின் மேல்தான்.

ரா சீவேஜ் பம்ப் (ஈக்வலைசேஷன் டேங்கிலிருந்து ஏரேஷன் டேங்குக்கு அனுப்பறது) எப்படி ஓடுது? ஃப்ளோட் சுவிட்ச்சில் ஓடினா, ஈக்வலைசேஷன் டேங்க் நிரம்பினதும் பம்ப் முழு வேகத்தில் தள்ளும். 200 கன மீட்டரை 20 மணி நேரத்தில் அனுப்ப, மணிக்கு 10 போதும். இந்த அளவு எஸ்டிபிகளில் மாட்டியிருக்கும் பம்ப் பெரும்பாலும் மணிக்கு 20, 25 தள்ளக்கூடியது. உங்க கிளாரிஃபையர் பரப்பு 13 சதுர மீட்டர். மணிக்கு 10 கன மீட்டர் போனா ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 18.5 கன மீட்டர், சமாளிக்கும். 25 போனா 46. எவ்வளவு நல்ல கசடா இருந்தாலும் அந்த வேகத்தில் மேலே வந்துடும்.

பம்ப் நேம்பிளேட்டை நம்பாம அளந்து பாருங்க. ஏரேஷன் டேங்க் இன்லெட்டில் 90 டிகிரி வி நாட்ச் (ஓட்டம் அளக்கும் வி வடிவ வெட்டு) பெட்டி இருந்தா ஸ்கேல் ஒண்ணு போதும். நாட்ச்சின் அடி முனையிலிருந்து 8.4 செ.மீ. தண்ணி நின்னா மணிக்கு 10 கன மீட்டர். 12 செ.மீ. நின்னா 25. மூணரை செ.மீ. வித்தியாசம்தான், ஓட்டம் இரண்டரை மடங்கு. அளவை நாட்ச் வாயிலேயே எடுக்காதீங்க. அங்க தண்ணி சரிஞ்சு இறங்கும், அளவு குறைவாக் காட்டும். ஓரடியாவது பின்னாடி தள்ளி, தண்ணி சமமா நிக்கிற இடத்தில் எடுங்க. நாட்ச் இல்லைன்னா, ஈக்வலைசேஷன் டேங்கில் வரத்து கம்மியா இருக்கும் ராத்திரி 2 மணிக்குப் பம்பை 15 நிமிஷம் ஓட்டி, மட்டம் எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க.

சரி பண்ண டெலிவரி வால்வைப் பாதி மூடாதீங்க. கந்தல், முடி எல்லாம் அங்கதான் சிக்கும். டெலிவரியிலிருந்து ஈக்வலைசேஷன் டேங்குக்கே திரும்பும் பைபாஸ் லைன் போட்டு, மிச்சத்தை அங்க திருப்பி விடுங்க. அது டேங்கையும் கலக்கிக் கொடுக்கும். விஎஃப்டியும் (பம்ப் வேகத்தைக் குறைக்கும் கருவி) போடலாம், ஆனா வேகத்தை ரொம்பக் குறைச்சா பம்ப் அடைக்கும். டைமர் வெச்சு "24 நிமிஷம் ஓட்டு, 36 நிமிஷம் நிறுத்து"ன்னு சொல்லுவாங்க. மணிக்கணக்கு சரியா வரும், ஆனா அந்த 24 நிமிஷமும் கிளாரிஃபையருக்கு 25 தானே? பிரயோஜனம் இல்லை.

இன்னொண்ணு. காலை 5 மணிக்கு ஈக்வலைசேஷன் டேங்க் கிட்டத்தட்ட காலியா இருக்கணும். ராத்திரி ஷிஃப்ட்டில் பம்பை நிறுத்திட்டுத் தூங்கினா, 6 மணிக்கு எல்லா வீட்டுக் குளியலும் சேர்ந்து வரும்போது இடமே இருக்காது. ஃபில்டர் பேக்வாஷ் தண்ணியும் அதே நேரம் அங்கதான் விழுதான்னு பாருங்க. பேக்வாஷை மதியம் 2 மணிக்கு மேல் தள்ளி வைங்க.

கசடுக்காரன் எழுதியது:

மேலே சொன்னது சரி. ஆனால் ஓட்டத்தை மட்டும் சரிசெய்து நிறுத்திவிட வேண்டாம். எஸ்வி30 920 என்பதற்கு நேரெதிரான இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று, இழை நுண்ணுயிர்கள் பெருகி, பஞ்சு மாதிரி ஊதிப்போய்க் கசடு இறங்க மறுக்கிறது. இன்னொன்று, கசடு நல்ல கசடுதான், ஆனால் அளவுக்கு மேல் இருப்பதால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இறங்க இடமில்லாமல் நிற்கிறது. முதலாவதற்கான வைத்தியத்தை இரண்டாவதற்குச் செய்தால் நிலைமை மோசமாகும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பிரித்துச் சொல்ல நீர்த்துப் பார்க்கும் சோதனை போதும். ஒரு லிட்டர் அளவு உருளைகள் மூன்று. முதலாவதில் ஏரேஷன் டேங்க் திரவம் அப்படியே. இரண்டாவதில் பாதி திரவம், பாதி கிளாரிஃபையர் தெளிநீர். மூன்றாவதில் கால் பங்கு திரவம், முக்கால் பங்கு தெளிநீர். குழாய்த் தண்ணீர் சேர்க்காதீர்கள், குளோரினும் உப்பு வித்தியாசமும் முடிவைக் கெடுக்கும். வெயிலில் வைக்காதீர்கள், ப்ளோயர் (காற்று தள்ளும் இயந்திரம்) அதிரும் மேடையில் வைக்காதீர்கள். மெதுவாக ஒரு முறை கலக்கிவிட்டு முப்பது நிமிடம். 250 மி.லி.க்குக் கீழே எந்த உருளை இறங்குகிறதோ அதை எடுத்து, நீர்த்த மடங்கால் பெருக்குங்கள். அதை எம்எல்எஸ்எஸ்ஸால் (கிராம்/லிட்டர்) வகுத்தால் எஸ்விஐ (கசடு எவ்வளவு நன்றாகப் படிகிறது என்பதன் குறியீடு). 80 முதல் 120 வரை வந்தால் நல்ல கசடு. 150க்கு மேல் போனால் இழைகளைச் சந்தேகிக்க வேண்டும்.

எம்எல்எஸ்எஸ்ஸை நீங்களே எடுங்கள். லாக் புக் 3500ஐ மறந்துவிடுங்கள். எட்டு மாதம் ஒரே எண் எந்த உயிர்த் தொட்டியிலும் வராது. எடை பார்த்த கிளாஸ் ஃபைபர் ஃபில்டரில் 20 மி.லி. வடிகட்டி, 103 முதல் 105 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் ஆறவைத்து எடை. சூடாக எடை போட்டால் தவறும். மாதிரியை டேங்கின் மூலையில் எடுக்காமல், குமிழி நன்றாக எழும் இடத்தில் ஒரு அடி ஆழத்தில் எடுங்கள். நுரையை அள்ளி விடாதீர்கள்.

கூடவே டிஓ (கரைந்த ஆக்சிஜன்), ஆர்ஏஎஸ் பம்ப் (படிந்த கசட்டை ஏரேஷன் டேங்குக்குத் திருப்புவது) எப்படி ஓடுகிறது, ப்ளோயர் பிரஷர் கேஜ் எவ்வளவு காட்டுகிறது, கடைசியாகக் கசடு வெளியேற்றியது எப்போது என்பதையும் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலை என்னால் இப்போதே ஊகிக்க முடிகிறது.

புதுச்சூழல் எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னிக்கு எடுத்தது:

வி நாட்ச்சில் காலை 7.30க்கு 12 செ.மீ. பம்ப் ஃப்ளோட் சுவிட்ச்சில்தான் ஓடுது. எம்எல்எஸ்எஸ் 7800. உருளைகள்: அப்படியே 920, பாதிக்குப் பாதி 430, கால் பங்கு 190. டிஓ நடுவில் 0.6. ப்ளோயர் கேஜ் 0.58 கிலோ/சதுர செ.மீ. ஆர்ஏஎஸ் பம்ப் மணிக்கு 15 நிமிஷம் டைமரில். ஆர்ஏஎஸ் கசட்டின் அடர்த்தி 12,000 மி.கி./லி. ஃபில்டர் பிரஸ் (கசட்டைப் பிழியும் இயந்திரம்) ஹைட்ராலிக் சீல் போய் ஏழு மாசம் ஆச்சாம், அப்போதிலிருந்து கசடே எடுக்கலை.

கசடுக்காரன் எழுதியது:

ஊகம் சரிதான். 190ஐ நான்கால் பெருக்கினால் 760. 7.8ஆல் வகுத்தால் 97. உங்கள் கசடு அருமையான கசடு. கல்ச்சர் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. வெளியே போக வேண்டியது போகாமல் தேங்கி நிற்பதுதான் நோய். சாணி கரைத்தால் தேக்கம் இன்னும் கூடும்.

கிளாரிஃபையர் மேல் விழும் சுமையைப் பாருங்கள். காலையில் 25 வரத்து, ஆர்ஏஎஸ் 10 என்று வைத்தால் மணிக்கு 35 கன மீட்டர். 7.8 கிலோவால் பெருக்கினால் 273 கிலோ. 13 சதுர மீட்டருக்கு அது மணிக்கு, சதுர மீட்டருக்கு 21 கிலோ. எக்ஸ்டெண்டட் ஏரேஷன் கசட்டுக்கு உச்ச நேரத்திலும் 7க்கு மேல் போகக் கூடாது. வரத்தை 10ஆகவும், ஆர்ஏஎஸ்ஸை 5ஆகவும், எம்எல்எஸ்எஸ்ஸை 3500ஆகவும் கொண்டுவந்தால் அதே கணக்கு 4 கிலோவில் வந்து நிற்கும். பம்பும் கசடும் சேர்ந்துதான் இந்தக் காலைப் பொங்கலை வைத்திருக்கின்றன. ஒன்றை மட்டும் சரிசெய்தால் பாதிதான் தீரும்.

எவ்வளவு எடுப்பது? அதிகப்படி 7.8 கழித்தல் 3.5, பெருக்கல் 150: உலர் எடையில் 645 கிலோ. தினமும் புதிதாக வளர்வது வேறு. நாளுக்கு 50 கிலோ பிஓடி வருகிறது, அதில் ஏறக்குறைய பாதி எடை கசடாகும் என்று வைத்தால் 25 கிலோ. மூன்று வாரத்தில் இறக்க நினைத்தால் நாளுக்கு 31 கூட்டல் 25, அதாவது 56 கிலோ. ஆர்ஏஎஸ் லைனிலிருந்து 12 கிராம்/லி. அடர்த்தியில் எடுத்தால் 4.7 கன மீட்டர். ஒரே நாளில் டேங்கர் வைத்து 50 கன மீட்டர் உறிஞ்சிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம். நைட்ரிஃபையர்கள் (அமோனியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள்) மெதுவாக வளர்பவை, மொத்தமாகப் போனால் திரும்ப வர வாரங்கள் ஆகும். ஒரு நாளைக்கு மொத்தக் கசட்டில் பத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது.

எம்எல்எஸ்எஸ் இறங்க இறங்க ஆர்ஏஎஸ் அடர்த்தியும் இறங்கும். 12 கிராம் 8 கிராமாகும்போது அதே 4.7 கன மீட்டரில் 38 கிலோதான் போகும். வாரம் இரண்டு முறை அளந்து கன மீட்டரைத் திருத்துங்கள். பலர் இதை மறந்துவிட்டு, "எடுத்துக்கிட்டேதான் இருக்கேன், குறையவே இல்லை" என்பார்கள். 3500ல் நிலைத்த பிறகு, கசட்டின் வயது 25 நாள் என்றால் 525 கிலோவில் நாளுக்கு 21 கிலோ. தெளிநீரோடு தப்பிப்போவது 2 கிலோ போக, 8 கிராம் அடர்த்தியில் 2.4 கன மீட்டர்.

ஆர்ஏஎஸ் பம்பை டைமரிலிருந்து எடுத்துத் தொடர்ந்து ஓட்டுங்கள். மத்தியானம் கட்டி கட்டியாக மிதப்பது அதனால்தான். 45 நிமிடம் ஹாப்பரில் காற்றில்லாமல் கிடக்கும் கசடு நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் குமிழியாக்குகிறது, குமிழி கசட்டைத் தூக்குகிறது. உறுதிப்படுத்த, அதே உருளையை இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். இறங்கிய கசடு குமிழிகளோடு பிளந்து மேலே ஏறும். ஹாப்பர் சரிவில் ஒட்டியிருப்பதை நீளமான ரப்பர் துடைப்பானால் வாரம் ஒரு முறை மேலிருந்தே தள்ளிவிடுங்கள்.

ஃபில்டர் பிரஸ் சீலை முதலில் மாற்றுங்கள். அது வரும்வரை, அனுமதி பெற்ற வண்டியில் ஏற்றி, பெற்றுக்கொள்ளும் நிலையத்தின் ரசீதோடு அனுப்புங்கள். பிரஸ் ஓடும்போது 56 கிலோ உலர் எடை ஏறக்குறைய 280 கிலோ ஈரக் கேக் ஆகும், வைக்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஸுக்குமுன் கசட்டைத் திரட்டச் சேர்க்கும் பாலிமர் கேட்டயானிக்காக (நேர்மின்னூட்டம் உள்ளது) இருக்கட்டும். கடைக்காரர் குடிநீர்ச் சுத்திகரிப்புக்கான அனயானிக்கைத் தள்ளிவிடுவது வழக்கம், எவ்வளவு போட்டாலும் பிடிக்காது. லிட்டருக்கு 1 கிராம், தூவித் தூவி, மெதுவான கலக்கலில் முக்கால் மணி நேரம். ஒரேயடியாகக் கொட்டினால் மீன் கண் மாதிரி உருண்டைகள் வரும், அவை துணியை அடைக்கும்.

காரத்தன்மை எழுதியது:

வாடை விஷயத்தை யாரும் தொடலை. பிஹெச் 6.4ல் அமோனியா வாடையே வராதுங்க. அந்தப் பிஹெச்சில் கிட்டத்தட்ட முழுக்க அம்மோனியம் அயனியாத் தண்ணிக்குள்ளயே இருக்கும், காற்றில் ஏறாது. குடியிருப்போர் சொல்ற வாடை குளோரமினா இருக்க வாய்ப்பு அதிகம். ஹைப்போவும் மிச்ச அமோனியாவும் சேர்ந்து வர்ற வாடை, நீச்சல் குளத்தில் வருமே அது. வாடை வருதுன்னு ஹைப்போவைக் கூட்டினா வாடையும் கூடும்.

மிச்ச அமோனியாவை அளந்து பாருங்க. 1 மி.கி. அமோனியா நைட்ரஜனைத் தீர்த்துத் தாண்ட சுமார் 8 முதல் 10 மி.கி. குளோரின் வேணும். அமோனியா 15 இருந்தா வழக்கமாப் போடற 3, 5 பிபிஎம் டோசிங் அங்கயே கரைஞ்சுடும், சுதந்திர குளோரின் மிஞ்சவே மிஞ்சாது. இதில் ஒரு பொறி: மஞ்சள் நிறம் காட்டும் ஆர்த்தோடோலிடின் சொட்டு மருந்து கூட்டுக் குளோரினையும் (அமோனியாவோடு சேர்ந்தது) சேர்த்துக் காட்டும். "1 பிபிஎம் வருது சார்"னு ஆபரேட்டர் சொல்வார், கோலிஃபார்ம் (மலக்கிருமி) ரிப்போர்ட் மட்டும் ஃபெயில் ஆகும். டிபிடி மாத்திரை வெச்சு, சுதந்திர குளோரினையும் மொத்த குளோரினையும் தனித்தனியாப் பாருங்க.

அமோனியா ஏன் மிஞ்சுதுன்னா ரெண்டு காரணம் இருக்கலாம், உங்ககிட்ட ரெண்டுமே இருக்கு போல. ஒண்ணு டிஓ 0.6. நைட்ரிஃபையருக்கு 1.5, 2 வேணும். 7800 கசடு சும்மா உட்கார்ந்து மூச்சு விட்டே காற்றைத் தின்னுடும். கசடு இறங்கினாலே டிஓ தானா ஏறும். ரெண்டாவது காரத்தன்மை. 1 மி.கி. அமோனியா நைட்ரஜன் நைட்ரேட் ஆக 7.14 மி.கி. காரம் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) செலவாகும். 30 மி.கி. மாறினா 214 போச்சு. வர்ற கழிவுநீரில் 250 இருந்தா மிச்சம் 36தான், பிஹெச் 6.4க்கு விழறதில் ஆச்சரியமே இல்லை. பிஹெச் விழுந்தா நைட்ரிஃபையர் சோம்பும், அமோனியா மிஞ்சும்.

இப்போ யூரியா போட்டா என்ன ஆகும் பாருங்க. யூரியா உடைஞ்சா அமோனியா. 100 பங்கு பிஓடிக்கு 5 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் போதும். வீட்டுக் கழிவுநீரில் அதைவிட எவ்வளவோ கூடவே இருக்கும். யூரியா, டிஏபி எல்லாம் சத்து இல்லாத ஆலைக் கழிவுநீருக்குச் சொன்னது. யாரோ எப்பவோ ஆலை ஈடிபியில் (ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) கத்துக்கிட்டது அப்படியே அபார்ட்மென்ட்டுக்கு வந்துடுச்சு.

கிளாரிஃபையர் அவுட்லெட்டில் காரம் 50க்குக் கீழ இருந்தா மட்டும் சேருங்க. 50 மி.கி. ஏத்த 200 கன மீட்டருக்கு 10 கிலோ காரம் வேணும். சோடியம் பைகார்பனேட்னா 16.8 கிலோ, சோடா ஆஷ்னா 10.6 கிலோ, நாள் முழுக்கப் பிரிச்சு. பணம் போடாம ஒரு வழியும் உண்டு. டிஓ 2க்கு ஏறின பிறகு, ராத்திரி வரத்து கம்மியா இருக்கும்போது ப்ளோயரை 45 நிமிஷம் நிறுத்தி, ஒண்ணரை மணி நேரம் ஓட்டுங்க. நிறுத்தின நேரத்தில் டேங்கிலேயே நைட்ரேட் உடையும், ஒவ்வொரு மி.கி.க்கும் 3.57 காரம் திரும்பக் கிடைக்கும், கிளாரிஃபையரில் மிதக்கறதும் குறையும். கரண்ட் பில்லும் குறையும்னு அசோசியேஷன்காரங்க கிட்ட சொல்லிக்கலாம்.

பம்ப்ரூம் எழுதியது:

டிஃப்யூசர் பத்தி: கேஜ் பிரஷரில் 4 மீட்டர் ஆழத்துக்கே 0.4 போகும். பைப், டிஃப்யூசர் இழப்பு சேர்த்துப் புதுசில் 0.45, 0.48 இருந்திருக்கும். 0.58னா மெம்பரேன் அடைச்சிருக்கு. ஆனா கேஜையே ஒரு தடவை சரிபாருங்க, ப்ளோயர் நிக்கும்போது ஊசி பூஜ்யத்துக்கு வரணும். பிரஷர் திடீர்னு இறங்கி ஒரே இடத்தில் பெரிசாக் கொதிச்சா மெம்பரேன் கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம், அது வேற கேஸ். இப்போதைக்கு மத்த கிரிட் (டிஃப்யூசர் தொகுதி) வால்வுகளைக் கொஞ்சம் மூடி, ஒவ்வொரு கிரிட்டுக்கும் 10 நிமிஷம் கூடுதல் காற்று கொடுங்க, டிஃப்யூசரின் உச்ச அளவைத் தாண்டாம. மேல் படிவு கொஞ்சம் உதிரும். ஸ்டாண்ட்பை ப்ளோயர் புல்லி பின்னோக்கி மெதுவாச் சுத்துதான்னும் பாருங்க. சுத்தினா அதோட என்ஆர்வி (ஒருவழி வால்வு) பிடிக்கலை, காற்று அந்த வழியா ஓடுது.

டேங்குக்குள்ள யாரையும் இறக்குற பேச்சே வேணாம். நீங்களும் சரி, ஆபரேட்டரும் சரி. மலக்கசடு கிடக்கிற டேங்கை மேலிருந்து முகர்ந்து பார்த்து "வாடை இல்லை"ன்னு இறங்குறதுதான் உயிரை எடுக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் அளவுக்குப் போனா மூக்கு செத்துடும், வாடை தெரியாது. மீட்டர் வெச்சுப் பார்த்து நல்லா இருக்குன்னு இறங்கினாலும், அடிக் கசட்டைக் காலால் கலக்கின நொடியில் வாயு எழும்பும். காப்பாத்தப் போறவர்தான் ரெண்டாவதா விழுவார். 2013 கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் செப்டிக் டேங்க், சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாம ஆளை இறக்கறதைக் குற்றமாக்கியிருக்கு. "ஆபரேட்டர் தானா இறங்கினார்"ங்கறது பதில் ஆகாது. டிஃப்யூசர் மாத்தறது திட்டம் போட்டுச் செய்யற வேலை: நாலு வாயுக்களை அளக்கும் மீட்டர், தொடர்ந்து காற்று வீசும் ப்ளோயர், டிரைபாட், வெளியே ஆள், பர்மிட். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து விடாதீங்க, தீப்பிடிக்கும். டிஃப்யூசரை ஆசிடில் கழுவும்போது ஹைப்போ டேங்க் பக்கத்தில் வேணவே வேணாம், ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு.

ஆய்வகக்கிளி எழுதியது:

அந்த பிஓடி 28ஐ வைத்து முடிவு எடுப்பதற்கு முன் மாதிரி எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். காலை 8 மணிக்கு ஒரே ஒரு குப்பி எடுத்திருந்தால் அது உங்கள் மோசமான நேரத்தின் படம் மட்டும். ஓட்டத்துக்கேற்பப் பல மணி நேரத்தில் எடுத்துச் சேர்த்த கலவை மாதிரிதான் நாளின் நிலையைச் சொல்லும்.

பிஓடிக்கான குப்பியை வாய் முட்ட நிரப்பி, ஐஸ் பெட்டியில், அன்றே லேபுக்கு. இங்கே நாம் எடுப்பது 27 டிகிரியில் மூன்று நாள் சோதனை, ஐந்து நாள் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். குளோரின் போட்ட பிறகு எடுத்த மாதிரி என்றால் லேபுக்குச் சொல்லுங்கள். குளோரினை நீக்கி, விதை நுண்ணுயிர் சேர்க்காவிட்டால் பிஓடி பொய்யாகக் குறையும். மாறாக, உங்கள் மாதிரி அரைகுறையாக நைட்ரிஃபை ஆனது. குப்பிக்குள்ளேயே அமோனியா நைட்ரேட்டாக மாறினால், அந்த ஆக்சிஜனும் பிஓடி கணக்கில் ஏறும். நைட்ரிஃபிகேஷன் தடுப்பான் சேர்த்தும் சேர்க்காமலும் ஒரு முறை செய்யச் சொல்லுங்கள். 28ல் கணிசமான பங்கு அமோனியாவுடையதாக இருக்கலாம்.

சிஓடி குப்பிக்கு சல்ஃபியூரிக் அமிலம், பிஹெச் 2க்குக் கீழே. எண்ணெய்க்குத் தனி கண்ணாடிக் குப்பி, அதிலிருந்து வேறு குப்பிக்கு மாற்றக் கூடாது, எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கோலிஃபார்முக்குச் சோடியம் தயோசல்ஃபேட் போட்ட, கிருமி நீக்கிய குப்பி. தயோசல்ஃபேட் இல்லையென்றால் லேபுக்குப் போகும் வழியெல்லாம் குளோரின் கொன்றுகொண்டே போகும், ரிப்போர்ட் அழகாக வரும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எண்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பாருங்கள். நன்றாகச் சுத்திகரித்த நீரில் சிஓடி, பிஓடியைப் போலச் சில மடங்கு இருக்கும். பிஓடி 8, சிஓடி 9 என்று வந்தால் யாரோ எழுதியது. டிடிஎஸ் (கரைந்த உப்புகள்), கண்டக்டிவிட்டியில் (மின் கடத்துதிறன்) 0.55 முதல் 0.7 மடங்குக்குள் விழ வேண்டும். கலங்கல் கண்ணுக்குத் தெரியும் நாளில் டிஎஸ்எஸ் (மிதக்கும் திடப்பொருள்) 6 என்று வந்தால் மாதிரி எங்கே எடுத்தார்கள் என்று கேட்கலாம்.

புதுச்சூழல் எழுதியது:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. பைபாஸ் லைனுக்கும் பிரஸ் சீலுக்கும் இன்னிக்கே கேட்டிருக்கேன். கடைசியா ஒரு கேள்வி: பழைய லாக் புக்கில் 3500னு இருக்கே. நான் உண்மையான 7800ஐ எழுதினா, "திடீர்னு எப்படி ஏறுச்சு"ன்னு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கேட்டா? மேலதிகாரி கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி எழுதச் சொல்றார்.

படிவம்5 எழுதியது:

எழுதக் கூடாது. கூட்டியும் குறைத்தும் எழுதினால் அடுத்த ஆய்வில் கையெழுத்து உங்களுடையது. பழைய பக்கங்களைத் தொடாதீர்கள், திருத்தாதீர்கள். புதுப் பக்கத்தில் இன்றைய தேதியிட்டு, எந்த முறையில் அளந்தது, எத்தனை மி.லி., யார் எடுத்தது என்று எழுதி, 7800ஐ எழுதுங்கள். கீழே திருத்த நடவடிக்கை: கசடு வெளியேற்றம் எப்போது தொடக்கம், நாளுக்கு எத்தனை கன மீட்டர். அன்றே இதை மேலதிகாரிக்கும் அசோசியேஷனுக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். உங்களைக் காப்பது அந்த மின்னஞ்சல்தான். எண் உயர்வாக இருப்பது குற்றமல்ல, தெரிந்தும் மறைத்தால்தான் சிக்கல்.

முதல் வாரத்திலேயே இசைவாணையை (நிலையத்தை இயக்க வாரியம் தந்த அனுமதி) வாங்கி முழுசாகப் படியுங்கள். பலர் ஒரு வருடம் வேலை பார்த்தும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். எத்தனை கேஎல்டிக்கு அனுமதி, தெளிநீர் எங்கே போகலாம் (ஃப்ளஷ், தோட்டம், பாதாளச் சாக்கடை), எந்த அளவுரு எவ்வளவு, எப்போது காலாவதி. இணையத்தில் அளவுகோல்கள் பல கிடைக்கும். மத்திய அரசின் 2017 அறிவிக்கையில் பெருநகரங்களுக்கு பிஓடி 20, டிஎஸ்எஸ் 50. பசுமைத் தீர்ப்பாயத்தின் 2019 ஏப்ரல் உத்தரவில் பிஓடி 10, டிஎஸ்எஸ் 20, சிஓடி 50. உங்களைக் கட்டுவது உங்கள் இசைவாணையில் அச்சிட்டிருக்கும் எண்.

வரத்து மீட்டர், தெளிநீர் மீட்டர், எஸ்டிபிக்குத் தனி மின் மீட்டர் மூன்றையும் தினமும் ஒரே நேரத்தில் குறியுங்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். 180 கன மீட்டர் சுத்திகரித்ததாக எழுதிவிட்டு, மின் மீட்டர் ப்ளோயர் ஆறு மணி நேரம் ஓடிய அளவுக்குத்தான் ஏறியிருந்தால் வேறு கேள்வியே தேவையில்லை.

வாரிய அலுவலர் சட்டப்படி மாதிரி எடுக்கும்போது உடனிருங்கள். 1974 நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு முத்திரை வைக்கக் கேட்கலாம். அங்கேயே கேட்க வேண்டும், ரிப்போர்ட் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. எடுத்த நேரம், இடம், அப்போதைய வரத்து, பிஹெச், சுதந்திர குளோரின் ஆகியவற்றை உங்கள் புத்தகத்திலும் குறித்துக்கொள்ளுங்கள்.

சுற்றுச்சூழல் அறிக்கை படிவம் 5, மார்ச்சில் முடியும் ஆண்டுக்கு, செப்டம்பர் 30க்குள். ஜெனரேட்டர் கழிவு எண்ணெய்க்கு அபாயக் கழிவு அங்கீகாரம் இருந்தால் படிவம் 4, ஜூன் 30க்குள். இந்த இரண்டு தேதியையும் கம்ப்ரசர் சர்வீஸ் தேதி எழுதும் அதே பலகையில் எழுதி வையுங்கள், ஆபீஸ் காலண்டரில் வைத்தால் யாரும் பார்ப்பதில்லை.

கசடுக்காரன் எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. நுரையை அள்ளி ஈக்வலைசேஷன் டேங்கில் கொட்டாதீர்கள், ஆபரேட்டர்கள் செய்யும் வேலை அது. நுரையில் வாழும் நுண்ணுயிரை மறுபடி விதைத்த மாதிரி ஆகும். அள்ளி நேராகக் கசடுத் தொட்டிக்குப் போடுங்கள். எம்எல்எஸ்எஸ் 5000க்குக் கீழே வந்ததும் மூன்று உருளைச் சோதனையை மறுபடி செய்து எண்களை இங்கே போடுங்கள். அதற்குள் பைபாஸும் வந்திருந்தால் காலை 7.30க்கு நாட்ச் அளவையும் சேர்த்து.